வளர்மதி வாங்கிய வைரம்

திண்டுக்கல் மோகனசுந்தரம் நகைக்கடையில் சொன்ன விலையில் பாதிக்கே இணையத்தில் வைரம் கிடைத்ததால், வளர்மதி இணையத்திலேயே வாங்கிவிட்டாள். மகளின் நிச்சயதார்த்த மோதிரத்தில் அதைப் பதித்து வாங்க, கொஞ்சம் கூச்சத்தோடு அதே கடைக்குப் போனாள்.

கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. கல்லை லென்ஸில் பார்த்து, அதில் பொறித்திருந்த எண்ணைக் கணினியில் தட்டினார்.

"இது செத்தவங்க அஸ்தியில செஞ்ச கல்லு, தெரியுமாம்மா?"

"தெரியும் சார். இப்ப மலிவா வர்றதெல்லாம் ஜனங்க வித்த அஸ்திதானே. யாரோ எவரோ."

"பேரு பதிவாகியிருக்கு. பொன்னுரங்கம், ரிட்டயர்டு பஸ் கண்டக்டர், நத்தம்."

அது வளர்மதியின் அப்பா. நான்கு வருஷத்துக்கு முன்னால், அஸ்தியை ராமேஸ்வரம் கடலில் கரைத்துவிட்டதாகச் சொல்லி, அண்ணன் வீடு வீடாகத் தீர்த்தம் கொண்டுவந்து கொடுத்திருந்தான்.

உடனே அவனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அப்பாவை எங்கே கரைச்சே?"

"என்ன கேள்வி இது? ராமேஸ்வரத்துலதான்."

"அப்பா என் கையில இருக்காரு அண்ணே."

அண்ணன் போனை வைத்துவிட்டான்.

கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மொத்தம் நாலு கல் செஞ்சிருக்காங்கம்மா. இது போக ரெண்டு வித்துப்போச்சு. ஒண்ணு இன்னும் நீங்க வாங்கின சைட்டுல விலைக்கு இருக்கு."

வளர்மதி தன் போனை அவரிடம் நீட்டினாள்.

"எனக்குக் கை ஓடலை சார். வேற யாராவது வாங்கறதுக்குள்ள 'வாங்கு' பட்டனை நீங்களே அமுக்கிடுங்க."