கைப்பிடியில் இருந்த பள்ளம்

நல்ல பேர் வாங்கும் ஆசையில், மாமனார் வீட்டுத் தச்சுப் பட்டறையில் கிடந்த இழைப்புளியைத் துரு சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று நீட்டினான் புது மாப்பிள்ளை. வாங்கிப் பார்த்த மாமனாரின் முகம் வெளிறியது.

"கைப்பிடியில ஒரு பள்ளம் இருந்துச்சே, எங்க?"

"அசிங்கமா இருந்துச்சு மாமா. தேய்ச்சுச் சமமாக்கிட்டேன்."

"ஐயையோ! முப்பது வருஷமா ஒரே கட்டைவிரல் அழுத்தி அழுத்தி விழுந்த பள்ளம் மாப்பிள்ளை அது!"

மாப்பிள்ளை கையிலிருந்த உப்புத்தாளைச் சட்டைப்பையில் திணித்தான்.

"மன்னிச்சுடுங்க மாமா. உங்க கைக்குப் பழகினதுன்னு தெரியாம..."

"என் கைக்கா?"

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. மாமனார் இழைப்புளியை அவசரமாக முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கிசுகிசுத்தார்:

"இந்தப் பட்டறையே உங்க அத்தையோடது! அவ உளியை ஒரே ஒரு தடவை நான் தீட்டிக் கொடுத்தேன். நாலு மாசமா என்கூடப் பேச்சே இல்ல!"