கடையில் வாங்கிய ஜொன்

பொரா வந்து சேர்ந்தபோது மணி எட்டு. கையில் ஓர் அட்டைப் பெட்டி.

“அக்கா, ஜொன் வாங்கிட்டு வந்திருக்கேன். எங்க தெருமுனைக் கடையில விடிகாலையிலேயே போட்டுட்டாங்க.”

மியோங்ஹி அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை.

சூசொக் பண்டிகை. முன்னோருக்குப் படையல் போடுகிற நாள். ஓரகத்தி என்று ஒருத்தி இருக்கிறாளே, முதல் நாளே வந்து ஒரு வெங்காயமாவது உரித்தாளா? வேலைக்குப் போகிறவளாம். நோகாமல் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள், விருந்தாளி மாதிரி.

மியோங்ஹி இந்த வீட்டு மூத்த மருமகள். இருபத்தாறு வருஷமாகப் படையல் முழுக்க அவள் கைச் சமையல்தான். அதிலும் மீன், காய்த் துண்டுகளைத் தவாவில் சுடுகிற ஜொன் என்றால் ஆண்டோங் ஊரில் அவளுக்கு ஒரு பேரே உண்டு. மீன் துண்டை ஒற்றி ஈரம் எடுப்பாள். ஊதினால் பறக்கிற அளவுக்குத்தான் மாவு தூவுவாள். முட்டையில் தோய்த்து, சின்னத் தீயில் போட்டு, மேலே ஒரு பச்சை இலை, ஒரு சிவப்பு மிளகாய் வளையம். மஞ்சள் நிறம் துளி மாறினாலும் அந்தத் துண்டு படையலுக்குப் போகாது.

நேற்று முழுக்க நின்றே சுட்டதில் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. பட்டையை இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

மாமியார் உள்ளே வந்து பெட்டியைத் திறந்தார்.

“அடடா! அச்சுல வார்த்த மாதிரி இருக்கே! மூத்தவளே, இதையே படையல்ல முன்னாடி வெச்சிடு.”

“கடைச் சாமானையா, அத்தை?”

“ஏன், செத்தவங்க வந்து பில் கேக்கப் போறாங்களா?”

பொரா களுக்கென்று சிரித்தாள்.

போன வருஷமும் இதே கதை. அதற்கு முந்தின வருஷமும். அந்த ரோஷத்தில்தான் அவள் ஐந்து தினுசை ஏழாக்கினாள். இந்த வருஷம் ஒன்பது.

படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாமியார் கரண்டி எடுத்த பிறகுதான் மற்றவர்கள் எடுக்க வேண்டும். எடுத்தார். அடுத்து அவருடைய சாப்பாட்டுக் குச்சி எங்கே போகிறது என்று மியோங்ஹி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நேராகக் கடை ஜொன்னுக்கு.

“ஆகா, என்ன ருசி!”

மறுபடி அங்கேதான். மூன்றாவது துண்டை எடுத்து, பாசமாகப் பொராவின் சோற்றின் மேல் வைத்தார்.

“சாப்பிடும்மா. வண்டி ஓட்டிக் களைச்சு வந்திருக்கே.”

வண்டி ஓட்டிக் களைத்தாளாம்! ஒன்பது தினுசும் தொடுவாரில்லாமல் கிடந்தன. மியோங்ஹி தன் கணவன் பக்கம் பார்த்தாள். அவன் ஒரு கடைத் துண்டைக் கடித்துவிட்டு, “ம், பரவாயில்லையே” என்றான்.

அவளும் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தாள். உள்ளே மாவு வேகவே இல்லை. இதற்கா இவ்வளவு பாராட்டு?

சாப்பாடு முடிந்து மியோங்ஹியும் பொராவும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, மாமியார் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

“பொரா, புது வருஷப் படையலுக்கும் அந்தக் கடையிலேயே சொல்லி வெச்சிடும்மா.”

மியோங்ஹி கையிலிருந்த தட்டைத் தொட்டியில் போட்ட சத்தம் கூடம் வரை கேட்டது.

“எதுக்கு ஜொன் மட்டும், அத்தை? சூப்பு, கறி, காய் எல்லாத்தையும் அங்கேயே வாங்கிக்குங்க! இருபத்தாறு வருஷம் இந்த அடுப்புல வெந்தது போதும். இனிமே எந்தப் பண்டிகைக்கும் நான் கரண்டியைத் தொட மாட்டேன்!”

கணவன் எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

மாமியார் அவளையே பார்த்தார்.

“நிஜமாத்தான் சொல்றியா?”

“நிஜமாத்தான்!”

“பின்னாடி மாத்திப் பேச மாட்டியே?”

“மாட்டேன்!”

“அப்பாடா!” மாமியார் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். “பொரா, இவ மனசு மாறுறதுக்குள்ள அந்தப் பெரிய தவாவை எடுத்துட்டுப் போய் உன் கார்ல வை. ஓடு!”

பொரா நிஜமாகவே தவாவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மியோங்ஹிக்கு ஒன்றும் புரியவில்லை. “என்ன அத்தை இது?”

“மணிக்கட்டை ஆபரேஷன் பண்ணணும், அதுவரைக்கும் பாரம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லி மூணு வருஷமாச்சு. நீ யார்கிட்டயும் சொல்லலே. ஆஸ்பத்திரிச் சீட்டு குப்பைக் கூடையில கிடந்துச்சு, படிச்சுட்டேன். சமைக்க வேண்டாம்னு நான் சொன்னப்போ என்ன பண்ணினே? ‘என் சமையல் கசந்து போச்சா’ன்னு ரெண்டு நாள் பட்டினி கிடந்தே. சரி, நீயா வெறுத்து விடட்டும்னு சின்னவளைக் கடையில வாங்கிட்டு வரச் சொன்னேன். நீ என்னடான்னா, வருஷத்துக்கு ரெண்டு தினுசு கூடச் சுடறே!”

மாமியார் கையூன்றி மெல்ல எழுந்தார். ஆறிப்போன தட்டிலிருந்து மியோங்ஹி சுட்ட மீன் ஜொன் ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

“உன் ஜொன்னைக் கண்ணெதிர்ல வெச்சுக்கிட்டு, மூணு வருஷமா அந்தக் கடைச் சரக்கை ‘ஆகா’ன்னு சொல்லி முழுங்கினேனேடி, எனக்கு மட்டும் அது சுலபமாவா இருந்துச்சு?”