நல்ல குடும்பம்

"குடும்பம் நல்ல குடும்பம் அக்கா. எல்லாம் விசாரிச்சிட்டன்."

குறிகட்டுவானில் நயினாதீவுப் படகு ஏறியதிலிருந்து நிலாந்தினி இதை மூன்றாம் தரம் சொல்லிவிட்டாள். அக்கா யசோதராவுக்கு அலுத்துவிட்டது.

முப்பத்தாறு வயதில் தங்கைக்கு வாய்த்த மாப்பிள்ளை பிரசாந்தன். கனடாவில் இருக்கிறாராம், சொந்த ஊர் நயினாதீவு. எட்டு மாதமாகப் பேஸ்புக்கில் பழக்கம். நாளைக்குக் காரைநகரில் அவளுடைய சீதனக் காணியை விற்று உறுதி எழுதுகிறார்கள். வருகிற காசு முழுவதும் அவருக்குத்தான் போகப் போகிறது, அவளைக் கனடாவுக்குக் கூப்பிடும் அலுவலுக்காம்.

"முகத்தைக் காட்டிக் கதைக்காத மனுசனுக்காகக் காணியை விக்கிறியே, உனக்கென்ன விசரோ?"

"அவருக்கு இரவு வேலை அக்கா. போனில கமராவும் பழுது."

எதைக் கேட்டாலும் அவளிடம் பதில் இருந்தது. தகப்பன் பெயர், பாட்டன் பெயர், சுவிசில் இருக்கும் தங்கச்சியின் புருசன் பெயர் எல்லாம் அவர் தயங்காமல் சொல்லியிருந்தார். கொழும்பில் ஒரு நயினாதீவு ஆளிடம் கேட்டபோது, ஒன்றுகூடப் பொய்யில்லை. எங்கள் சனம் மாப்பிள்ளை விசாரிக்கிற விதமே அப்படித்தானே. பாட்டன் வரைக்கும் தோண்டுவார்கள். மாப்பிள்ளையைப் பற்றி ஒரு கேள்வி வராது.

என்னுடைய அம்மா இருதய வருத்தக்காரி, அவரிடம் போகவேண்டாம், நானே சொல்லுகிறேன் என்று பிரசாந்தன் மறித்திருந்தார். யசோதராதான் விடவில்லை. அந்த மனுசியைக் காணாமல் கையெழுத்து வைத்தால் இனி உன் வாசல் மிதிக்கமாட்டேன் என்று சொல்லி இழுத்துக்கொண்டு வந்தாள்.

பிரசாந்தனின் தகப்பன் மயில்வாகனத்தார் வீடு என்றதும் ஆட்டோக்காரர் நேரே கொண்டுபோய் விட்டார். பிரசாந்தனுடைய கூட்டாளி என்று நிலாந்தினி சொன்னதுமே தாய் மீனலோசனி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. மருமகளென்று கண்டுபிடித்துவிட்டாரோ என்று அவளுக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

தேத்தண்ணி வந்தது. யசோதரா விடுவாளா? ஒவ்வொரு பெயராகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் "ஓம் பிள்ளை, ஓம்" என்றார் தாய். நிலாந்தினி அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். யசோதராவுக்கே வெட்கமாகிவிட்டது. பாவம், வீணாக இவளை நோகடித்துவிட்டேனே என்று மனம் நொந்தாள்.

தாய் உள்ளே போய் அலுமாரியிலிருந்து ஒரு சிறிய புத்தகத்தை எடுத்து வந்து நிலாந்தினியின் மடியில் வைத்தார்.

"எங்கட குடும்பம் முழுக்க இதில இருக்கு பிள்ளை. வெளிநாட்டில இருக்கிறவையும் பாக்கட்டும் எண்டு மருமகன் பேஸ்புக்கிலயும் போட்டவர்."

அட்டையில் பிரசாந்தன் சிரித்துக்கொண்டிருந்தார், அவள் தினமும் போனில் பார்க்கிற அதே படம். அதற்கு மேலே பெரிய எழுத்தில், 'முதலாம் ஆண்டு நினைவு மலர்' என்று அச்சடித்திருந்தது.