சுத்தமான கருப்பு

"என்னய்யா இது, வானத்துல அழுக்கு?"

வானைப் படைத்தவரே நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்ற தோரணையில் கேட்டார் வானியல் நிலைய இயக்குநர். வந்து நின்றதோ அச்சகத்து மைக்காரர்தான்.

மேசையில் பேனர் ஈரம் காயாமல் கிடந்தது. நடுவில் பொட்டு வைத்தாற்போல ஒரு காலக்ஸி, சுற்றிலும் கருப்பு. கீழே வாசகத்துக்கென்று ஒரு முழம் வெள்ளை. படம் தேறிய பிறகுதான் எழுத்து. அந்தக் கருப்பில், தலையைச் சாய்த்துப் பார்த்தால், பொட்டுக்கு வலப்பக்கம் புகை படிந்தாற்போல ஒரு சாம்பல் திட்டு.

"மிஷினைக் கழுவிட்டு இன்னொண்ணு போட்டுத் தரேன் சார்."

"இதோட மூணாச்சு! சாயங்காலம் எனக்குப் பாராட்டு விழா. நாலு நாட்டு விஞ்ஞானிங்க வராங்க. இந்தக் கறையை முதுகுக்குப் பின்னால மாட்டிக்கிட்டு நான் மேடையில உக்காரணுமா? நான் யாரு தெரியுமா?"

தெரியும். காலையிலிருந்து ஆறு தடவை சொல்லியாகிவிட்டது.

"மூணு மணிக்குள்ள சுத்தமான கருப்பு வரணும். இல்லேன்னா எங்க நிலையத்து வேலை ஒண்ணுகூட இனிமே இந்தக் கடைக்கு வராது."

மைக்காரருக்குச் சுருக்கென்றது. வேலை போனால் போகட்டும். 'அவன் கடையில கருப்பு கருப்பா வராது' என்று பேர் வந்துவிட்டால்? பதினெட்டு வருஷமாக அந்தக் கருப்பை வைத்துத்தான் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கிறார்.

கணினி முன்னால் இருந்த அவர் மனைவி திரும்பாமலே கேட்டாள்: "ஏங்க, மூணாவதுக்குப் படத்தைத் தலைகீழாத் திருப்பித்தானே போட்டீங்க?"

"ஆமா. ராசியாவது மாறட்டும்னு."

"மிஷின் கோளாறுன்னா இதுல மட்டும் கறை இடப்பக்கம் வந்திருக்கணுமே?"

மைக்காரர் மூன்றையும் வரிசையாக விரித்துப் பார்த்தார். மூன்றிலும் வலப்பக்கம்தான்.

"அப்போ மிஷின் சுத்தம். படத்துலதான் இருக்கு," என்றார், வழக்கில் விடுதலையானவர் குரலில்.

"என் படத்துலயா?" இயக்குநரின் கழுத்து நீண்டது. "விண்வெளித் தொலைநோக்கிம்மா அது! அங்க காத்து கிடையாது, தூசி கிடையாது. நாப்பது மணி நேரம் கண் இமைக்காம எடுத்த படம். அது அழுக்கு, உங்க மிஷின் சுத்தமா?"

"கோவிச்சுக்காதீங்க சார்," என்றாள் மனைவி. "அழிச்சே குடுத்துடறேன். எதுவரைக்கும் பரவியிருக்குன்னு தெரிஞ்சாத்தானே அழிக்க முடியும்? ஏங்க, அந்த ஜன்னல் திரையை இழுத்து விடுங்க, கண்ணு கூசுது."

அறை இருண்டது. அவள் படத்தின் கருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்க வைத்தாள். நடுப்பொட்டு பால் போலப் பொங்கியது.

"போதும், அதுவரைக்கும் அழிச்சிட்டு..." என்று ஆரம்பித்த இயக்குநர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

பொட்டின் ஒரு முனையிலிருந்து சாம்பல் இழை ஒன்று கிளம்பி மெல்ல வளைந்தது. எதிர்முனையிலிருந்து இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி விரிந்து, திரை கொள்ளாமல் விளிம்பைத் தாண்டிப் போயின. வழியெல்லாம் கடுகு இறைத்தாற்போல நீலப் புள்ளிகள். அவள் படத்தைச் சிறிதாக்கினாள். இன்னும் ஒரு சுற்று இருந்தது. மறுபடி சிறிதாக்கினாள். இன்னும் ஒன்று.

"அழுக்கு இவ்வளவு ஒழுங்காச் சுத்துமா சார்?" என்றார் மைக்காரர். குரல் அவரை அறியாமலே தணிந்திருந்தது.

இயக்குநர் திரைக்கு முன்னால் வந்து நின்றார். காலையிலிருந்து முதல் தடவையாக அவர் பேச்சில் 'நான்' இல்லை.

"சுருள் காலக்ஸி... இதுவரைக்கும் காலக்ஸின்னு நினைச்சிட்டிருந்தது இதோட நடுப்பொட்டை மட்டும்தான். நம்ம காலக்ஸி ஆறேழை வரிசையா உள்ள வெச்சிடலாம்மா. ஆனா அவ்வளவு மங்கல். பூமியில புல்லு முளைக்கறதுக்கு முன்னாடி கிளம்பின வெளிச்சம் இது."

தெருவில் யாரோ ஹாரன் அடித்தார்கள். அது வேறு ஏதோ கிரகத்தில் அடித்தது போலிருந்தது. மைக்காரர் திரையைத் தொடப் போனார். விரலில் மை இருப்பதைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இவ்வளவு பெரிசு, இத்தனை நாளா யார் கண்ணுலயும் படலையா சார்?" என்றாள் மனைவி.

"எந்தப் படம் வந்தாலும் முதல்ல ஒரு மென்பொருளுக்குள்ள போகும். மங்கலாப் பரவிக் கிடக்கறதை எல்லாம் அது அழுக்குன்னு துடைச்சிடும். அப்புறம்தான் எங்க கண்ணுக்கே வரும். இன்னைக்கு விழா அவசரத்துல துடைக்காம எடுத்துட்டு வந்தாச்சு."

"அப்போ... துடைச்ச மத்தப் படத்துல எல்லாம்?"

இயக்குநர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்தப் புண்ணியவான் சார் அப்படி ஒண்ணைப் பண்ணி வெச்சது?" மைக்காரருக்குத் தாங்கவில்லை. "கூப்பிட்டு நிக்க வெச்சு நாலு கேள்வி கேக்க வேணாமா?"

பேனரின் அடியில் சேர்க்கச் சொல்லி இயக்குநர் காலையில் கைப்பட எழுதித் தந்த காகிதம் மடித்தபடியே கிடந்தது. மனைவி அதை அப்போதுதான் பிரித்தாள்:

'இருபது ஆண்டுகளில் நாற்பதாயிரம் வான்படங்களை ஒரு கறையுமின்றித் துடைத்த மென்பொருளை உருவாக்கிய மேதைக்குப் பாராட்டு விழா.'