கைராசிக்காரர்

பெரிய டாக்டர் தன் மனைவியின் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் செருகிவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார். குளியலறையில் வழுக்கி விழுந்து ஒடிந்த அவளுடைய மணிக்கட்டைத் திறந்து தகடு வைத்தது அவர் இல்லை. அவருக்கு எடுபிடியாக நின்று தொழில் கற்ற சின்ன டாக்டர். "பொண்டாட்டி கைன்னா உங்களுக்குக் கை நடுங்கும். அவரே பண்ணட்டும்" என்று சொன்னவள் இவள்தான். வெள்ளை வெளிச்சத்தில் எலும்பு மயிரிழைகூட விலகாமல் கூடியிருக்கிறது. ஒரு திருகாணியாவது மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்காதா என்று ஒவ்வொன்றின் மேலும் நகத்தை ஓட்டிப் பார்க்கிறார். எல்லாம் அளவெடுத்தாற்போல் நிற்கின்றன. "கட்டை விரலைத் தூக்கு." தடையில்லாமல் தூக்குகிறாள். "கையைத் திருப்பு." எண்ணெய் போட்ட பூட்டில் சாவி திரும்புவதுபோலத் திரும்புகிறது. கதவுக்கு வெளியே நர்ஸ் யாருக்கோ தைரியம் சொல்கிறாள்: "பயப்படாதீங்க, சின்ன டாக்டர் கைராசிக்காரர்." நேற்றுவரை அது இவருடைய பெயர். வயிறு எரிகிறது; முகம் இருண்டுபோகிறது. அந்த முகத்தைப் பார்த்து மனைவி வெளிறிப்போகிறாள். "என்னங்க, ஏதாவது கோளாறா?" அவர் விளக்கை அணைக்கிறார். "ஒரு குறையும் இல்ல" என்கிறார், ஆபரேஷன் அறையிலிருந்து கெட்ட செய்தியோடு வெளியே வருகிறவரின் குரலில்.