உப்பில்லாத வெள்ளைக்கரு

மீனையும் முகர்ந்து பார்த்துவிட்டு விலகியது பூனை.

முள் நீக்கி ஆவியில் வேகவைத்த மீன். நேற்று கோழி நெஞ்சுக்கறி, தோல் இல்லாமல். முந்தாநாள் ஈரல், ஒரே ஒரு துண்டு.

எதிலும் வாய் வைக்கவில்லை.

கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்த தாள் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழ் இருந்தது. உப்பு, வெங்காயம், பூண்டு கூடாது என்று அடியில் இரண்டு கோடு. நான்கு வரிகளில் மூன்றை அவள் பேனாவால் அடித்தாயிற்று.

மிச்சம் ஒன்று. அவித்த முட்டையின் வெள்ளைக்கரு.

அதைத்தான் அவள் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

அந்தத் தாளுக்குப் பின்னால் இன்னொரு தாள். ஓரம் பழுத்தது. சிறுநீரக மருத்துவமனையில் அவள் கணவருக்காகக் கொடுத்தது. அதிலும் உப்பு கூடாது. அதிலும் வெள்ளைக்கரு. தினம் மூன்று.

அவர் போய் நாற்பது நாள். நாற்பது நாளாக அந்த வீட்டில் முட்டை வேகவில்லை.

"வெறும் பாலும் சோறுமா போடுறீங்க? பூனைக்கு அது சாப்பாடே இல்லம்மா. புரதம் இல்லாம இது தாங்காது." கால்நடை மருத்துவர் சின்னப் பெண். தாள் எழுதிய அன்று பூனையின் முதுகெலும்பைத் தடவிக்கொண்டே கேட்டாள். "முன்னாடி என்ன குடுத்தீங்க?"

"இதேதான்."

மருத்துவர் தடுப்பூசி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அப்போது நாலு கிலோ இருநூறு. இப்போது மூன்று. பிறகு அவளைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை அவளுக்குப் பழகியது.

மாதாமாதம் ரத்தப் பரிசோதனைத் தாளுக்கு மேலாக சிறுநீரக மருத்துவர் அப்படித்தான் பார்ப்பார். கணவருடைய ரத்தத்தில் புரதம் இறங்கிக்கொண்டே வந்தது. வெள்ளைக்கரு ஒழுங்காகத் தருகிறீர்களா என்பார். தருகிறேன் என்பாள். காலையில் இரண்டு, சாயங்காலம் ஒன்று. கடை முட்டையில் சத்தில்லையோ என்று வியாழக்கிழமைச் சந்தைக்கு நடந்துபோய் நாட்டுக்கோழி முட்டை வாங்கி வந்தாள்.

மஞ்சள்கரு அவருக்கு ஆகாது. வீணாக்க மனமில்லாமல் அவள் தின்றாள். அவள் ரவிக்கைகள் இறுகின. அவர் சட்டைகள் தொளதொளத்தன.

உப்பில்லாமல் அது ரப்பர் மாதிரி இருக்கிறது என்பார். பக்கத்தில் நின்றால் தொண்டையில் இறங்காது என்பார். மாத்திரையை எடுத்து வா என்று உள்ளே அனுப்புவார். அவள் திரும்பி வரும்போது தட்டைத் தூக்கிக் காட்டுவார்.

"பாரு. காலி. போய் உன் டாக்டர்கிட்ட சொல்லு."

பூனையை அவருக்குப் பிடிக்காது. வண்டி நிறுத்தும் இடத்தில் குட்டியாகக் கிடந்ததை அவள்தான் எடுத்து வந்தாள். சனியன் என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாளும் அவர் அதைத் தடவி அவள் பார்த்ததில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, செருப்பை மாட்டிக்கொண்டே அவருடைய அக்கா சொன்னாள்.

"வேளாவேளைக்கு ஒழுங்காக் குடுத்திருந்தா என் தம்பி இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருப்பான்."

வாசலில் பத்துப் பேர் இருந்தார்கள். அவளிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை.

அடுப்பைப் பற்றவைத்தாள்.

தண்ணீர் கொதித்து, முட்டை பாத்திரத்தில் மோதும் சத்தம் எழுந்தது. மூன்று நாளாக எதையும் தொடாத பூனை, கூப்பிடாமலே சமையலறை வாசலில் வந்து நின்றது.

ஓட்டை உரித்தாள். இரண்டாகப் பிளந்தாள். கரண்டியால் மஞ்சளை எடுத்துவிட்டு, வெள்ளையைப் பூனையின் தட்டில் வைத்தாள்.

பூனை தட்டைப் பார்க்கவில்லை.

அவளைக் கடந்து கூடத்துக்குப் போனது. கரண்டியோடு அவளும் பின்னால் போனாள். சாப்பாட்டு மேசைக்கடியில் நுழைந்தது. அவருடைய நாற்காலிக்கு இடப்பக்கம் உட்கார்ந்தது.

இடது கை டயாலிசிஸ் கை. ஊசி ஏற்றுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்த கை. எதிலும் இடித்துவிடக் கூடாதென்று, சாப்பிடும்போது அதை மேசைக்கடியில் தொங்கவிட்டிருப்பார்.

அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

பூனை முன்கால்களை நாற்காலி விளிம்பில் ஊன்றி எழுந்தது. அண்ணாந்தது. வாயைத் திறந்தது.

சத்தம் வரவில்லை. சத்தம் போடக் கூடாது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

ஒன்றரை வருஷம். தினம் மூன்று.

கரண்டி பிடித்த கை தானாக ஓங்கியது.

பூனை நகரவில்லை. காலியான நாற்காலியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதன் விலா எலும்புகளை எண்ணலாம் போலிருந்தது.

கரண்டியை மேசைமேல் வைத்தாள். சமையலறைக்குப் போய், தரையில் இருந்த தட்டை எடுத்து வந்தாள்.

நாற்காலியை இழுத்தாள். அதில் அவள் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தாள்.

வெள்ளைக்கருவில் ஒரு துண்டு கிள்ளி, இடது கையை மேசைக்கடியில் தொங்கவிட்டாள்.

சொரசொரப்பான நாக்கு விரல்களில் பட்டது.

மேசைமேல் போன் ஒலித்தது. திரையில் அவருடைய அக்காவின் பெயர். வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள்.

இப்போது அவளிடம் பதில் இருந்தது.

அது அடித்து ஓயும்வரை காத்திருந்தாள். பிறகு அடுத்த துண்டைக் கிள்ளினாள்.