கொசுறு

மௌரீன் செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் நின்றுவிட்டாள்.

சமையல் மேடையில் தராசு இருந்தது. தராசின்மேல் அவளுடைய தட்டு. எதிரே ஸ்டூலில் அவள் கணவர் ரெமிஜியஸ், இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் வந்தது அவர் காதில் விழவில்லை.

வியாழக்கிழமை ஆயிற்றே, ஸ்கேன் முடிந்ததும் குழந்தை இயேசு கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வருவாள் என்று நினைத்திருப்பார். இன்றைக்கு அவளுக்குக் கோயில் வாசலை மிதிக்க மனம் வரவில்லை.

டாக்டரம்மா திட்டக்கூட இல்லை. "கொழுப்பு அப்படியேதாம்மா இருக்கு. இந்த ஈரலை வெச்சு உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். அவருக்கு இனி எவ்வளவு காலம் என்று மௌரீன் கேட்கவில்லை. டாக்டரம்மாவும் சொல்லவில்லை.

மகன் டிரேவரின் ரத்தம் சேரவில்லை. சேர்ந்தது அவளுடையது ஒன்றுதான். ஆனால் அவள் ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. எடை குறைந்தால் கொழுப்பு கரையும், கரைந்தால் ஒரு பாதியை வெட்டி, ஈரல் கெட்டுப்போன ரெமிஜியஸுக்கு வைக்கலாம் என்றார்கள். ஒரு நாளைக்கு இத்தனை கலோரி, அதற்கு மேல் ஒரு வாய் கூடாது. மாவுச்சத்து அளவோடு. புரோட்டீன் மட்டும் குறையவே கூடாது. வெட்டின இடம் திரும்ப வளர வேண்டுமே.

சொல்வது சுலபம். சோற்றைக் குறைத்தால் கலோரி அடங்கும், புரோட்டீன் போதாது. சுண்டலைக் கூட்டினால் புரோட்டீன் வரும், மாவுச்சத்து எகிறும். முட்டையில் மஞ்சளை ஒதுக்கி, வெள்ளையை மட்டும் சேர்த்து, போனில் தட்டித் தட்டிக் கணக்கை நேராக்குவாள்.

பக்கத்து வீட்டு ஆஞ்சலா ஒருநாள் கேட்டேவிட்டாள். "ஏன் மௌரீன்க்கா, டிரேவர் கல்யாணத்துக்கு நீங்கதான் பொண்ணா?"

காலையில் சமைத்து வைத்துவிட்டு அவள் பள்ளிக்கூட ஆபீஸுக்குப் போவாள். மத்தியானம் வரும்போது எடை போட்ட தட்டு மூடி வைத்திருக்கும். அது ரெமிஜியஸின் வேலை. விவேக் நகரில் மளிகைக் கடை வைத்திருந்த மனிதர். "அடுப்பு உன்னுது, தராசு என்னுது" என்று முதல் நாளே வாங்கிக்கொண்டார். கண் மஞ்சளித்து, வயிறு உப்பி, கடையை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தராசைக் கண்டதும் முகத்தில் ஒரு களை வந்தது. அதற்காகவே அவளும் விட்டுக்கொடுத்தாள்.

"நூறு கிராம் சோறு இவ்ளோ வருமாங்க?"

"பழைய அரிசி, மௌரி. பூத்து வரும்."

கடைக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

டயட்டில் இருக்கிறவர்களெல்லாம் பசி பசி என்று புலம்புகிறார்கள். அவளுக்கு ஒருநாளும் வயிறு காந்தியதில்லை. குழந்தை இயேசுவின் கருணை என்று வியாழன்தோறும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவாள்.

இன்றைக்கு ஆட்டோவில் தொடையைக் குத்திக் குத்திக் கேட்டுக்கொண்டு வந்தாள். கூடவே வாழ்ந்த மனிதருக்கு ஒரு துண்டு கொடுக்க இந்த உடம்புக்கு மனசில்லையா?

ரெமிஜியஸ் குக்கரிலிருந்து ஒரு கரண்டி சோறு அள்ளித் தட்டில் போட்டார். இன்னொரு கரண்டி. கரண்டியின் முதுகால் அமுக்கிப் பரப்பினார்.

பிறகு தராசின் பொத்தானை அழுத்தினார்.

எண் அழிந்து சைபர் வந்தது. வெறும் தட்டின் எடையைக் கழிப்பதற்கான பொத்தான் அது. அவர் தட்டோடு சோற்றையும் சேர்த்துக் கழித்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் எடை போடத் தொடங்கினார், பொன் நிறுக்கிறவர் மாதிரி. நூறைத் தாண்டிய பருக்கைகளை விரலால் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

கைப்பழக்கம் என்றுதான் மௌரீன் முதலில் நினைத்தாள். கடையில் யார் எதை வாங்கினாலும், முள் நேராக நின்ற பிறகு இன்னொரு கை அள்ளிப் போடுவார். கொசுறு இல்லாமல் எந்தப் பையும் அந்தக் கடையைத் தாண்டியதில்லை.

ஆனால் கொசுறை எடை போட்ட பிறகுதான் போடுவார். வாங்குகிறவர் பார்க்கும்படி போடுவார்.

அவள் ஓசைப்படாமல் இரண்டடி பின்னால் போனாள். அப்போதுதான் வருகிறவள் போல் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தாள்.

"கோயிலுக்குப் போகலையா?"

"தலைவலிங்க."

அவர் தட்டின்மேல் முட்டையின் வெள்ளையை அடுக்கினார். திரும்பாமலே கேட்டார். "ஸ்கேன்ல என்னவாம்?"

"அப்படியேதான் இருக்காம்."

அவர் தோள் மெல்ல இறங்கியது. தூரம் போனவர்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தோம் என்று போன் பண்ணினால் இறங்குமே, அப்படி.

"சும்மா கவலைப்படாதே. ஒடம்பு நல்லாயிருக்கு இல்ல, அது போதும்."

ஆஸ்பத்திரியில் ஒரு குழுவே உட்கார்ந்து அவளைத் திரும்பத் திரும்பக் கேட்டது. உங்க இஷ்டத்தோடதான் கொடுக்கறீங்களாம்மா, யாரும் கட்டாயப்படுத்தலையே என்று. வாங்கிக்கொள்ள இஷ்டமா என்று அவரை யாரும் கேட்டதாக அவளுக்கு ஞாபகமில்லை.

அவளும் கேட்டதில்லை.

ரெமிஜியஸ் தட்டைத் தூக்கி நீட்டினார். பின்னால் தராசில் ஒரு கழித்தல் குறியும் ஏதோ ஓர் எண்ணும் மின்னின. அவள் அதைப் பார்க்கவில்லை.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.